டிஜிட்டல் ஆவணக் காப்பகங்களில் மூல ஆவணங்களைத் தேடுவதும் படிப்பதும்

1912 ஏப்ரல் 15ஆம் தேதி நியூயார்க்கில் வெளியான ‘ஈவினிங் சன்’ மாலை நாளிதழ், டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியதையும், அதில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டுவிட்டதையும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அந்த இதழ் வாசகர்களின் கைக்குப் போய்ச் சேர்வதற்குப் பல மணி நேரம் முன்பே கப்பல் மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போலி ஆவணம் அன்று. அன்றைக்கே, அந்த ஊரிலேயே, செய்தி சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அச்சிட்ட அசலான மூல ஆவணம் அது. ஆனாலும் அது சொல்லும் செய்தி முற்றிலும் தவறு.

பழைய ஆவணங்களை இணையத்தில் தேடத் தொடங்குபவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவேன். இன்று ஓர் ஆவணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. ஒரு சொல்லைத் தட்டினால் சில நொடிகளில் நூறு பக்கங்கள் வந்து நிற்கின்றன. அந்த ஆவணத்தை யார், எதற்காக, எந்த நிலையில் உருவாக்கினார்கள் என்பது ஒரு பயணம். அது தாளிலிருந்து நம் திரைக்கு எந்தெந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பது இன்னொரு பயணம். இந்த இரண்டையும் அறியாமல் எந்த ஆவணத்தையும் சான்றாக முன்வைக்க முடியாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் இந்த இரண்டு பயணங்களையும் பின்தொடர்வதற்கானவையே.

தேடுவதற்கு முன்

தேடுபெட்டியைத் திறப்பதற்கு முன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘டைட்டானிக் விபத்து’ என்பது தலைப்பு, கேள்வி அன்று. ‘விபத்து நடந்த நாளிலிருந்து, உயிர் தப்பியவர்களை ஏற்றிவந்த கார்பேத்தியா கப்பல் ஏப்ரல் 18ஆம் தேதி இரவு நியூயார்க்கை அடையும்வரை, செய்தித்தாள்கள் சொன்ன கதை எப்படி மாறியது?’ என்பது கேள்வி. இதிலேயே கால எல்லை இருக்கிறது, ஆவண வகை இருக்கிறது, எந்த மொழியில் தேட வேண்டும் என்பதற்கான குறிப்பும் இருக்கிறது.

அடுத்து, நடந்ததைப் பற்றி அந்தக் காலத்தில் எதையாவது எழுதிவைக்க யாருக்கெல்லாம் காரணம் இருந்தது என்று யோசியுங்கள். எனக்குத் தெரிந்து ஆய்வில் இதைவிடப் பயன் தரும் கேள்வி வேறில்லை. கப்பல் விபத்து என்றால் நாளிதழ்கள் எழுதியிருக்கும். கம்பியில்லாத் தந்தி இயக்குநர்கள் செய்திகளைப் பதிவுசெய்திருப்பார்கள். கப்பல் நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் கடிதம் எழுதியிருக்கும். அரசு விசாரணை நடத்தியிருக்கும். உயிர் தப்பியவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தில், வெவ்வேறு ஒழுங்கில் சேர்ந்திருக்கும். ஒரே இணையதளத்தில் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பவர், அந்த ஒரு தளத்தில் இருப்பதையே வரலாறு என்று எடுத்துக்கொள்ள நேரிடும்.

தளங்களின் இயல்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘கிரானிக்லிங் அமெரிக்கா’, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’, பிரான்ஸ் தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய ‘காலிகா’ ஆகியவற்றில் பழைய இதழ்களின் பக்கங்களையே பார்க்கலாம். 2008இல் தொடங்கப்பட்ட ‘யூரோப்பியானா’ பல நாட்டு நிறுவனங்களின் விவரக் குறிப்புகளை ஓரிடத்தில் திரட்டித் தருகிறது. பொருள் இருப்பது வேறிடத்தில் என்பதால், திரட்டுத் தளத்தில் கிடைத்ததை மூல நிறுவனத்தின் பக்கத்துக்கே சென்று சரிபார்க்க வேண்டும். ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ போன்ற திறந்த களஞ்சியங்களில் நூலகங்களும் தனிநபர்களும் பதிவேற்றியவை அருகருகே கிடக்கின்றன. பதிவேற்றியவர் கொடுத்த தலைப்பையும் ஆண்டையும் அப்படியே நம்பாமல், நூலின் தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

தேசிய ஆவணக் காப்பகங்களின் நிலை இதிலிருந்தும் வேறுபட்டது. அவற்றின் இணைய அட்டவணையில் கோப்புகளின் பெயரும் எண்ணும் விவரமும் இருக்கும். பக்கங்களின் படம் இருப்பது மிகச் சிறிய பகுதிக்குத்தான். அதனால் ‘இணையத்தில் பார்க்க முடிபவை மட்டும்’ என்ற வடிகட்டியை முதலிலேயே அழுத்திவிடாதீர்கள். முதலில் முழு அட்டவணையையும் பார்த்து, உங்கள் கேள்விக்குரிய ஆவணங்கள் மொத்தம் எவ்வளவு, அவற்றில் திரைக்கு வந்தவை எவை என்று தெரிந்துகொண்டால்தான், கையில் இருப்பது முழுமையில் எத்தனை பங்கு என்பது புரியும்.

காப்பகத்துக் கோப்புகள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த தாள்களை அந்த அலுவலகத்தின் பெயரிலேயே ஒன்றாக வைக்க வேண்டும் என்ற நெறி, 1841இல் பிரான்ஸ் அரசு வெளியிட்ட சுற்றறிக்கையின் வழியே நிலைபெற்று, இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதனால் ‘பஞ்சம்’ என்று தேடுவதைவிட, பஞ்ச நிவாரணத்தைக் கையாண்ட துறையின் அன்றைய பெயரைத் தேடினால் அதிகம் கிடைக்கும். ஒரு கடிதம் தேடலில் வந்ததும், அது எந்தக் கோப்பில் உள்ளது, அதற்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது என்று பாருங்கள். பதில் கடிதம் பெரும்பாலும் அடுத்த தாளில் இருக்கும். தேடுபெட்டி அதைக் காட்டியிருக்காது.

இல்லாததைப் பற்றிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழ்த் தொகுப்பில் ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றி மூன்று நாள் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை. அந்த இதழ் வேண்டுமென்றே மௌனம் காத்தது என்று குறிப்பேட்டில் எழுதி, அதை வைத்து இரண்டு பக்க விளக்கமும் எழுதிவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, நாள்காட்டிப் பக்கத்தைத் திறந்து நாள்வாரியாகப் பார்த்தபோதுதான், அந்தக் காலப்பகுதியின் இதழ்களே அந்தத் தொகுப்பில் இல்லை என்பது தெரிந்தது. இதழ் மௌனமாக இருக்கவில்லை. தாள்களைச் சிறிதாக்கிப் படமெடுக்கும் சுருளான மைக்ரோஃபிலிமை எடுத்தபோதே அந்த மாதங்கள் விட்டுப்போயிருந்தன. அன்று எழுதிய இரண்டு பக்கங்களை அழித்ததோடு ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டேன். எந்தத் தொகுப்பானாலும் தேடுவதற்கு முன், என் காலப்பகுதியில் எத்தனை இதழ்கள் உள்ளன, எவை விடுபட்டுள்ளன என்று நாள்காட்டியில் எண்ணிப் பார்த்துவிடுவேன். அரை மணி நேர வேலைதான். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

விடுபடுதல் தற்செயலாக மட்டும் நிகழ்வதில்லை. எதை முதலில் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றுவது என்பதைப் பணம், பதிப்புரிமை, தாளின் நிலை, மொழி ஆகியவை முடிவுசெய்கின்றன. பெருநகர நாளிதழ்கள் முதலில் வருகின்றன. சிற்றூர் இதழ்களும் சிறுபான்மை மொழி இதழ்களும் காத்திருக்கின்றன. இதன் விளைவு ஆய்விலும் படிகிறது. கனடிய வரலாற்று முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மேற்கோள்களை எண்ணிப் பார்த்த வரலாற்றாசிரியர் இயான் மில்லிகன், டொரன்டோ நகரின் இரண்டு நாளிதழ்கள் இணையத்தில் தேடக்கூடியவையாக வந்த பிறகு அவை மேற்கோள் காட்டப்படுவது பல மடங்கு கூடியதை 2013இல் வெளியான கட்டுரையில் காட்டினார். அந்த இரண்டு இதழ்களும் திடீரென்று முக்கியத்துவம் பெற்றுவிடவில்லை. எளிதில் கைக்கு எட்டின, அவ்வளவுதான். ஒரு நகரத்தின் குரல் ஒரு நாட்டின் குரலாக மாறிவிடுவது இப்படித்தான். உங்கள் ஆய்வில் எந்தத் தொகுப்புகளைப் பார்த்தீர்கள், எவற்றைப் பார்க்க இயலவில்லை என்பதை வெளிப்படையாக எழுதிவிடுவதே இதற்கு நேர்மையான வழி.

அந்தக் காலத்துச் சொற்களில் தேடுதல்

1916ஆம் ஆண்டு நாளிதழ்களில் ‘முதலாம் உலகப் போர்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. இரண்டாவது போர் வரப்போவதை அறியாதவர்கள் தங்கள் போருக்கு எண் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அது ‘பெரும் போர்’ அல்லது வெறும் ‘போர்’. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெட்ரோகிராட் ஆனது, 1924இல் லெனின்கிராட் ஆனது, 1991இல் பழைய பெயருக்கே திரும்பியது. நோய்களின் பெயர், சாதி, இனப் பெயர்கள், பதவிப் பெயர்கள், நில அளவைச் சொற்கள் என எல்லாமே இப்படி மாறியவைதாம். இன்று நாம் கூசும் சொற்களையும் தேடுபெட்டியில் இட்டாக வேண்டியிருக்கும், ஏனெனில் எழுதியவர்கள் அவற்றைத்தான் பயன்படுத்தினார்கள்.

இச்சொற்களைச் சேர்க்க நான் கையாளும் முறை எளியது. தேடலை அதன் போக்கில் விட்டுவிட்டு, நிகழ்வு நடந்த நாள் தெரிந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அந்த வாரத்து இதழ்கள் இரண்டு மூன்றைத் தொடக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டுவேன். அந்தக் காலத்தவர் எதை எப்படி அழைத்தார்கள் என்பது தானாகவே கண்ணில் படும். அச்சொற்களை எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளோடு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, பிறகே தேடுபெட்டிக்குத் திரும்புவேன்.

தேதிகளிலும் கவனம் தேவை. இங்கிலாந்து 1752இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. அதற்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகவே 1720 பிப்ரவரி என்று எழுதப்பட்ட ஆங்கில ஆவணம் நம் கணக்கில் 1721ஐச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். ரஷ்யா 1918இல் மாறியது. அதனால்தான் ‘அக்டோபர்’ புரட்சி நம் நாள்காட்டியில் 1917 நவம்பர் 7இல் வருகிறது. காலிகாவில் உள்ள பிரெஞ்சு இதழையும் அதே நிகழ்வைக் குறித்த ரஷ்ய ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இதை மறந்தால், விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

எழுத்துணரி செய்யும் பிழைகள்

நாம் தேடுவது பக்கத்தின் படத்தில் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து எழுத்துணரி மென்பொருள் உருவாக்கிய, திரைக்குப் பின்னால் இருக்கும் உரையில்தான் தேடுகிறோம். இந்த உரையில் எவ்வளவு பிழை இருக்கிறது என்பதைப் பொறுத்தே தேடலின் பயன் அமையும். நூறு எழுத்துகளில் 98ஐச் சரியாகப் படிக்கும் மென்பொருள் நல்லது என்றே தோன்றும். ஆனால் பத்து எழுத்துள்ள ஒரு சொல் முழுமையாகச் சரியாக வருவதற்கான வாய்ப்பு 82 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எழுத்துகளின் துல்லியம் 95 விழுக்காடாக இறங்கினால், அதே சொல் பத்தில் ஆறு முறைதான் அகப்படும். நான்கு முறை அது பக்கத்தில் இருந்தும் நமக்கு இல்லாததுபோல் ஆகிவிடும். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த மங்கலான நாளிதழ்ப் பக்கங்களில் இதைவிட மோசமான நிலையும் உண்டு.

1800க்கு முந்தைய ஆங்கில அச்சில் ‘எஸ்’ எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று இருந்தது. மென்பொருள் அதை ‘எஃப்’ என்று படித்துவிடும். தமிழில் தேடுபவர்களுக்கு வேறு தடைகள். 1978இல் அறிவிக்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவற்றின் அச்சு வடிவமே வேறு. மேலும், சொல்லோடு வேற்றுமை உருபும் அடுத்த சொல்லும் ஒட்டி வருவதால், ‘கப்பல்’ என்ற முழுச் சொல்லைத் தேடினால் ‘கப்பலில்’, ‘கப்பலேறி’ ஆகியவை தப்பிவிடும் தளங்கள் இருக்கின்றன. சொல்லின் மாறாத முற்பகுதியை மட்டும் கொடுத்து, உடுக்குறியை (*) ஏற்கும் தளமானால் அதற்குப் பின் அந்தக் குறியை இட்டுத் தேடுங்கள்.

பெரும்பாலான தளங்களில் எழுத்துணரி உருவாக்கிய உரையைத் திறந்து பார்க்கும் வசதி உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தியின் பக்கத்தைத் திறந்து, படத்தையும் உரையையும் ஒப்பிடுங்கள். எந்த எழுத்து எதுவாகத் திரிகிறது என்று கண்டுகொண்டால், அந்தத் திரிந்த வடிவத்தையே தேடுபெட்டியில் இடலாம். பலமுறை எனக்கு இந்த உத்தி கைகொடுத்திருக்கிறது. ட்ரோவ் தளத்தில் வாசகர்களே பிழைகளைத் திருத்தலாம். நீங்கள் படித்த பத்தியைத் திருத்திவிட்டு வந்தால், அடுத்து அதே சொல்லைத் தேடுபவருக்கு அது அகப்படும். லண்டன் ‘ஓல்டு பெய்லி’ நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான 1,97,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தரும் தளம் இந்தப் பிழையை வேறு வழியில் குறைத்தது. பழைய பகுதியை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் களைந்தார்கள். அப்படிப்பட்ட உரையில் ‘இல்லை’ என்று தேடல் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. எழுத்துணரி மட்டும் படித்த உரையில் ‘இல்லை’ என்பது ‘இன்னும் கண்டுபிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் எதுவும் ஆகாது.

கையெழுத்து ஆவணங்களுக்கு ‘டிரான்ஸ்கிரிபஸ்’ போன்ற கருவிகள் உள்ளன. ஒரே கையெழுத்தில் பல பக்கங்களை நீங்களே படியெடுத்துப் பழக்கினால் அவை நன்றாகவே படிக்கின்றன. ஆனால் பெயரையும் எண்ணையும் எப்போதும் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

பக்கத்தைப் படிக்கும் முறை

இப்போது டைட்டானிக் பக்கத்துக்கே திரும்புவோம். ஏப்ரல் 15ஆம் தேதி இதழ்களைத் தேடினால், அனைவரும் நலம் என்றும், கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறது என்றும் பல ஊர் இதழ்கள் எழுதியிருப்பதைக் காணலாம். பல இதழ்கள் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். செய்தியின் தொடக்க வரியைப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து, எந்தச் செய்தி நிறுவனத்தின் தந்தி வழியாக வந்தது என்று அங்கே இருக்கும். வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே தந்தி பல அச்சகங்களில் ஏறியிருப்பது புலப்படும். நாற்பது இதழ்கள் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். அந்த ஒரு சாட்சியும் கப்பலில் இல்லை. வட அட்லாண்டிக் கடலில் பறந்துகொண்டிருந்த கம்பியில்லாத் தந்திகள் அரைகுறையாகக் கேட்கப்பட்டு, ஒன்றோடொன்று கலந்து, கரையில் இருந்தவர்களின் நம்பிக்கையோடு சேர்ந்து உருவான செய்தி அது.

அதே 15ஆம் தேதி காலையில், ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் பிந்திய பதிப்பில் கப்பல் முன்பக்கமாக மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதியது. காலையில் கிட்டத்தட்டச் சரியாக இருந்த செய்தி மாலையில் தவறாகிப்போனது என்பது நம் கேள்விக்கு எவ்வளவு முக்கியமான சான்று! இதைக் காண வேண்டுமானால், தேதியோடு பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் பல பதிப்புகள் வெளியிட்ட இதழ்களின் டிஜிட்டல் தொகுப்பில் பெரும்பாலும் ஒரு பதிப்புதான் இருக்கும். எது இருக்கிறது என்று முதல் பக்கத்தின் தலைப்புப் பட்டையில் பாருங்கள்.

தேடல் முடிவு காட்டும் சிறு துண்டோடு நிற்காமல் முழுப் பக்கத்தையும் திறந்து படிப்பது அவசியம். செய்தி எந்தப் பக்கத்தில், எந்த மூலையில், எதற்குப் பக்கத்தில் வந்தது என்பதும் சான்றுதான். முதல் பக்கத் தலைப்பும் பதினோராம் பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழே வந்த நான்கு வரியும் தேடுபெட்டிக்கு ஒன்றே. அன்றைய வாசகனுக்கு ஒன்றல்ல.

செய்தித்தாளோடு வேறு வகை ஆவணத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆய்வு வலுப்பெறுகிறது. இந்த விபத்தைப் பற்றி அமெரிக்க செனட் ஏப்ரல் 19ஆம் தேதியே விசாரணையைத் தொடங்கியது. பிரிட்டிஷ் விசாரணை மே 2ஆம் தேதி தொடங்கியது. இரண்டின் சாட்சியங்களும் இன்று இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் விசாரணையில் 25,000க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு வரிசை எண் இடப்பட்டிருப்பதால், பக்க எண்ணைவிடத் துல்லியமாக, கேள்வி எண்ணைக் கொண்டே மேற்கோள் காட்டலாம்.

இந்தச் சாட்சியங்களைப் படிக்கும்போது யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் விசாரணையை நடத்தவைத்தது வணிகத் துறை வாரியம். கப்பலில் எத்தனை உயிர்காப்புப் படகுகள் வேண்டும் என்று விதி வகுத்ததும் அதே வாரியம்தான். டைட்டானிக்கில் இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். ஆனாலும் அது அன்றைய விதி கேட்டதைவிட அதிகம். தன் விதியே கேள்விக்குள்ளாகும் விசாரணையில் எவை கேட்கப்பட்டன, எவை கேட்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் பயணிகளில் ஒருவர்கூட அங்கே சாட்சியாக அழைக்கப்படவில்லை. அத்தனை ஆயிரம் கேள்விகளிலும் அவர்களின் குரல் இல்லை. அமெரிக்க விசாரணை அவர்களில் சிலரையாவது அழைத்தது என்பதால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கப்பல் மூழ்கும்போது இரண்டாக உடைந்தது என்று உயிர் தப்பிய பலர் சொன்னார்கள். உடையவில்லை என்று இரண்டாம் அதிகாரி லைட்டோலர் உறுதியாகச் சொன்னார். பிரிட்டிஷ் விசாரணையின் இறுதி அறிக்கை, உடையவில்லை என்ற தரப்பையே ஏற்றது. 1985 செப்டம்பரில் கடலடியில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபோது அது இரண்டு துண்டுகளாகக் கிடந்தது. அறிக்கையை மட்டும் படித்தவருக்குத் தவறான விடை கிடைத்திருக்கும். சாட்சியங்களைப் படித்தவருக்கு, கருத்து வேறுபாடு இருந்தது என்பதாவது தெரிந்திருக்கும். ஆகவே சுருக்கம், அறிக்கை, முன்னுரை ஆகியவை கிடைத்தால் அங்கேயே நின்றுவிடாமல், அவை எதிலிருந்து எழுதப்பட்டனவோ அதைத் தேடிச் செல்லுங்கள். ஓல்டு பெய்லி வழக்குப் பதிவுகளும் இப்படித்தான்: அவை விற்பனைக்காக அச்சிடப்பட்டவை, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வாதம் பல இடங்களில் சுருக்கப்பட்டும் விடப்பட்டும் இருக்கிறது. நீதிமன்றத்தில் பேசியவை அனைத்தும் அதில் உள்ளன என்று கொள்ளக் கூடாது.

படத்தில் வராதவை

திரையில் நாம் காண்பது தாளின் ஒளிப்படத்தை மட்டும்தான். தாளின் தடிமன், நீர்க்குறி, மையின் ஊறல், பின்பக்கத்துக் கிறுக்கல், மடிப்பு, அளவு ஆகியவை படத்தில் தொலைந்துபோகக்கூடும். கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படத்தில், வேறு வண்ண மையில் எழுதிய ஓரக்குறிப்பும் மூல எழுத்தும் ஒன்றுபோல் தெரியும். 1983இல் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ வார இதழ் ஹிட்லரின் நாள்குறிப்புகள் என்று வெளியிட்டவை போலி என்று உறுதியானது, உள்ளே எழுதியிருந்தவற்றைப் படித்ததால் மட்டும் அன்று. அந்தத் தாளில் போருக்குப் பிறகே வழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி வேதிப்பொருள் இருந்தது ஆய்வகச் சோதனையில் தெரிந்தது. எந்த ஒளிப்படமும் அதைக் காட்டியிருக்காது.

இதனால் டிஜிட்டல் படி பயனற்றது என்று ஆகாது. பெரிதாக்கிப் பார்க்கும்போது, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மூலத்தில் காண முடியாத கீறலும் திருத்தமும் தெரியும். படத்தில் அளவுகோல் வைக்கப்பட்டுள்ளதா, பின்பக்கம் எடுக்கப்பட்டுள்ளதா, பக்க எண்கள் விடுபடாமல் வருகின்றனவா, படம் மூலத்திலிருந்து எடுத்ததா ஃபிலிமிலிருந்து எடுத்ததா என்ற நான்கையும் தொகுப்பின் அறிமுகப் பக்கத்தில் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

குறித்துவைத்தல்

ஆவணத்தைக் கண்டவுடன், படிப்பதற்கும் முன்னால், அதன் விவரங்களை எழுதிவிடுங்கள். ஆவணத்தின் பெயர், நாள், பதிப்பு, பக்கம், அதை வைத்திருக்கும் நிறுவனம், கோப்பு எண், தொகுப்பின் பெயர், நிலையான இணைப்பு, நீங்கள் பார்த்த நாள், எந்தச் சொல்லைத் தேடி இதை அடைந்தீர்கள் என்பது ஆகிய அனைத்தும் வேண்டும். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் நீண்ட முகவரி அடுத்த வாரம் வேலை செய்யாமல் போகலாம். பக்கத்தில் ‘நிலையான இணைப்பு’ அல்லது ‘மேற்கோள் காட்ட’ என்ற பொத்தான் தரும் முகவரியையே எடுங்கள். மேற்கோள்களைச் சேர்க்க ‘ஜோட்டெரோ’, ஆவணப் படங்களை ஒழுங்குபடுத்த ‘டிராப்பி’ என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் ஆய்வாளர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை. எதுவும் பிடிக்காவிட்டால் சாதாரண அட்டவணைக் கோப்பும் போதும். ஒரே ஒழுங்கில் தொடர்ந்து எழுதுவதுதான் முக்கியம்.

ஒன்றும் கிடைக்காத தேடல்களையும் குறித்துவையுங்கள். எந்தத் தொகுப்பில், எந்தச் சொல்லால், எந்த ஆண்டுகளுக்கு இடையே தேடி ஒன்றும் வரவில்லை என்பது ஆறு மாதம் கழித்து நினைவில் இருக்காது. அதே வீண் உழைப்பை மீண்டும் செய்வீர்கள். அதற்குள் தொகுப்பில் புதிய இதழ்கள் சேர்ந்திருந்தாலும், முன்பு தேடிய நாளை எழுதிவைத்தவருக்குத்தான் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று தெரியும்.

முக்கியமான பக்கங்களின் படியை, உரிமக் குறிப்பு அனுமதித்தால், உங்கள் கணினியிலும் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் இணைய அட்டவணையும் டிஜிட்டல் தொகுப்புகளும் மாதக்கணக்கில் எட்டாமல் போயின; 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவும் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள்கள் முடங்கியது. ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் இருப்பவருக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திரையில் கிடைத்தவை தீர்ந்த பிறகும் கேள்விக்கு விடை முழுமை பெறவில்லை என்றால், காப்பகத்தில் பணியாற்றும் ஆவணக் காப்பாளருக்கு எழுதுங்கள். பொதுவாக ‘இந்தப் பொருளில் என்னென்ன உள்ளன’ என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். நீங்கள் ஏற்கெனவே பார்த்த கோப்பின் எண்ணைக் கொடுத்து, அதில் குறிப்பிடப்படும் இன்ன தேதியிட்ட பதில் கடிதம் எந்தப் பெட்டியில் இருக்கக்கூடும் என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அட்டவணையில் ஏறாத பெட்டிகளின் உள்ளடக்கம், ஒரே துறையின் தாள்கள் இரண்டு நகரங்களுக்குப் பிரிந்துபோன கதை, எந்த ஆண்டின் கோப்புகள் வெள்ளத்தில் போயின என்பன போன்றவை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் தரும் பெட்டி எண்ணையும் உங்கள் குறிப்பேட்டில், ‘பார்க்க வேண்டியது’ என்று எழுதி, அதே ஒழுங்கில் சேர்த்துவிடுங்கள்.